ஒரு தடவைதான் கேட்டார்கள்

ஒரு தடவை. ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள். அதைக்கூடக் கேள்வி என்று சொல்லலாமா என்று அம்சவேணிக்குச் சந்தேகமாக இருந்தது. கேள்வி என்றால் கேட்கிறவள் நின்று முகத்தைப் பார்க்க வேண்டாமா? ஃபிலோமினா குனிந்து செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டே, மணலிடம் விசாரிக்கிறவள்போல, "ஏட்டி அம்சா, நீயும் வாரியா?" என்றாள். "எனக்கெதுக்குட்டி, நீங்க போயிட்டு வாங்க" என்றாள் இவள். அது பதிலே இல்லை. பதிலுக்குப் போகிற வழியில் முதல் படி. அடுத்ததாக ஃபிலோ நிமிர்ந்து, "சும்மா வாட்டி, பெரிய இவ மாதிரி" என்றிருக்க வேண்டும். இவள் "அய்ய, இந்த வயசுலயா" என்று இன்னும் ஒரு படி ஏறியிருப்பாள். மூன்றாவதாகக் கோமதி வந்து கையைப் பிடித்து இழுக்க, சலித்துக்கொண்டே எழுந்து போயிருப்பாள், உலகத்தில் எல்லாம் அப்படித்தானே நடக்கிறது. ஆனால் ஃபிலோ நிமிர்ந்ததும், "சரி, அப்பம் பையைப் பாத்துக்கிடு" என்று தன் கைப்பையை இவள் மடியில் வைத்துவிட்டாள். முடிந்தது. கோமதியோ அதற்கு மேல். பல்செட்டைக் கழற்றி ஈரக் கைக்குட்டையில் சுற்றி, "பத்திரம்ட்டி, இது போச்சுன்னா ஊரு போற வரைக்கும் எனக்குக் கஞ்சிதான்" என்று உள்ளங்கையில் திணித்துவிட்டுப் போனாள். இப்போது எழுபத்தொரு வயது அம்சவேணி, அந்தமானில் ஒரு சின்னத் தீவின் கரையில், காற்றில் சாய்ந்து விழுந்து வெளுத்துப்போன ஒரு பெரிய மரத்தின் மேல், மூன்று கைப்பைகளோடும் மூன்று ஜோடிச் செருப்புகளோடும் கோமதியின் மேல்வரிசைக் கீழ்வரிசைப் பற்களோடும் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பற்கள் கைக்குட்டைக்குள்ளிருந்து அவளைப் பார்த்துச் சிரிக்கின்றன. சிரிக்கட்டும். யார்தான் சிரிக்கவில்லை. நூறு அடி தூரத்தில், பச்சைத் தண்ணீர் கரும்பச்சையாகிற இடத்தில், ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிய இரண்டு முதுகுகள் ஒரு மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடக்கின்றன. வளையத்தில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு நீந்துகிறாள், இங்கே எல்லாருக்கும் கடல் காட்டுகிற செல்வராணி என்ற பெண். முகங்கள் தண்ணீருக்குள் இருக்கின்றன. பார்க்கிறார்கள். அவர்கள் இரண்டு பேரும் பார்க்கிறார்கள். அம்சவேணி செருப்பைப் பார்க்கிறாள்.

கண்ணில்லையா அவர்களுக்கு, சுடிதாரைப் பார்க்கக் கண்ணில்லையா? பதினாறு வயதில் தாவணி, பதினெட்டில் சேலை, அதற்குப் பிறகு ஐம்பத்து மூன்று வருஷம் சேலையைத் தவிர வேறு துணி உடம்பில் பட்டறியாதவள், மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, திருநெல்வேலியில் கடையேறிப் போய், பாசிப்பச்சையில் ஒரு சுடிதார் எடுத்து, அதைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் கப்பலும் வேண்டாம் என்று விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறாள் என்றால் எதற்கு, பை காக்கவா? பை காக்கச் சேலை போதாதா? காலையில் படகில் ஏறும்போது கோமதி, "அடேயப்பா, அம்சா குமரியாயிட்டாளே" என்று கேலி செய்தாள். கேலி செய்யத் தெரிகிறது, அதற்கு அர்த்தம் என்ன என்று யோசிக்கத் தெரியவில்லை. அம்மா சொல்லிக் கொடுத்தது இது. அம்மா மேல்தான் முதலில் கோபப்பட வேண்டும், செத்துப் போனவள் என்று விடக்கூடாது. யார் வீட்டில் எது கொடுத்தாலும் கேட்டவுடன் கை நீட்டாதே, பறக்காவெட்டி என்பார்கள், ரெண்டு தடவை வேண்டாம் என்று சொல், மூணாவது தடவை அவர்களே உன் கையில் வைப்பார்கள். அப்படித்தான் வைத்தார்கள், முறுக்கும் லட்டும் காப்பியும். சின்ன விஷயமெல்லாம் மூன்று தடவை கேட்டுக் கேட்டுத்தான் வந்தன. பெரிய விஷயங்களைத்தான் யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தபோது அப்பா சமையலறைக் கதவோரம் வந்து, "பையனைப் பிடிச்சிருக்காம்மா?" என்றார், ஒரு தடவை, இவள் வாய் திறக்கவில்லை, திறக்காத வாய்க்குச் சரி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு வெற்றிலை மாற்றிவிட்டார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், பேசாமலிருந்தால் வேண்டும், இது எந்த ஊர் அகராதி, யாருக்குச் சௌகரியமோ அவர்கள் எழுதியது. சண்முகசுந்தரம் மோசமான மனிதரில்லை, அதைச் சொல்ல வேண்டும், ஆறு வருஷமாக மாலை போட்ட படத்தில் இருக்கிறார், அவர் மேல் இப்போது கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. ஆனாலும் தேன்நிலவுக்குக் கன்னியாகுமரி போனபோது, "தண்ணில இறங்குறியா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, இவள் "வேண்டாங்க" என்றதும் நல்ல பெண் என்று தலையசைத்து, வேட்டியை மடித்துக் கட்டி அவர் மட்டும் இறங்கினார். அன்றைக்கும் அவர் செருப்பு இவள் பக்கத்தில்தான் இருந்தது. தோல் செருப்பு. உப்புக்காற்றில் கெட்டுவிடுமே என்று முந்தானையால் மூடி வைத்தாள். மூடி வைத்தாளே! அந்தக் கைகளை வெட்டிப்போட வேண்டும்.

ஒரு நண்டு வந்தது. மணல் நிறத்தில், நகத்தளவு. அது எதையும் யாரிடமும் கேட்கவில்லை, கோமதியின் செருப்புக்குள் நேரே ஏறி உட்கார்ந்துகொண்டது. நேற்று இப்படியில்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை. நேற்று எல்லாம் முறைப்படி நடந்தது. அலையாத்திக் காட்டுக்குள் சின்னத் துடுப்புப் படகில் போக வேண்டும் என்றார்கள், ஒரு படகுக்கு இரண்டு பேர். இவள் வேண்டாம் என்றாள், ஃபிலோ வா என்றாள், இவள் முழங்கால் என்றாள், கோமதி முழங்காலாவது மண்ணாங்கட்டியாவது என்றாள், இரண்டு பேருமாய்ப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். படகு ஒருக்களித்தது, மூன்று கிழவிகளும் கத்தினார்கள், வேர்களுக்கு நடுவில் இருட்டுப் பச்சையாய் ஒரு சந்து, அதற்குள் தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது, தலைக்கு மேல் ஏதோ பறவை ஒற்றைச் சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எவ்வளவு நன்றாயிருந்தது. முந்தாநாள் காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்து கலங்கரை விளக்கத்துக்குப் போனதும் அப்படித்தான், வேண்டாம், வா, வேண்டாம், வா, பிறகு மூச்சு வாங்க மேலே நின்றபோது நான்கு பக்கமும் கடல். இழுத்தால் வருகிறவள் என்று தெரியும்தானே? இரண்டு நாள் இழுத்தார்கள்தானே? மூன்றாவது நாள், இதற்காகத்தான் இவள் வந்தாள் என்கிற ஒரே நாள், கையை எடுத்துவிட்டார்கள். நாளைக் காலையில் கப்பல், மத்தியானம் விமானம், அதற்கு மேல் இந்தக் கண்ணுக்கு எந்தக் கடல். இடது கண்ணில் நடுவில் ஒரு புகை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி எட்டு மாசமாகிறது. எதைப் பார்த்தாலும் அதன் நடுவை மட்டும் யாரோ விரலால் தேய்த்துவிட்டதுபோல் இருக்கும். வலது கண் இன்னும் நன்றாயிருக்கிறது, ஆனால் அதற்கும் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். இதை இவர்களிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டு இழுப்பார்கள். பரிதாபத்துக்கு இழுப்பது வேறு, ஆசைக்கு இழுப்பது வேறு.

பவளம். அதைத்தான் பார்க்க வேண்டும். நகைக்கடைப் பவளம் இல்லை. பாளையங்கோட்டையில் மூன்று பேரும் விலங்கியல் படித்தார்கள், ஐம்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரே விடுதி, அடுத்தடுத்த கட்டில். ஆய்வுக்கூடத்தில் வடக்குச் சுவரோரம் ஒரு நீண்ட அலமாரி, அதில் பதினேழாம் எண் மான்கொம்புப் பவளம், பதினெட்டு மூளைப் பவளம், பத்தொன்பது காளான் பவளம், எல்லாம் வெள்ளை, எல்லாம் எலும்பு, தொட்டால் சுண்ணாம்பு. உயிரோடிருக்கும்போது இதன் ஒவ்வொரு துளையிலும் ஒரு பூச்சி உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு கைகளை விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும் என்று அன்னம்மா மேடம் சொன்னார், கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார். அவ்வளவு கறாரான மனுஷி, வெள்ளைப் பருத்திச் சேலை, சிரிக்கவே மாட்டார், அன்றைக்கு ஒரு நிமிஷம் பவளமாக நின்றார். வகுப்பு சிரித்தது. அம்சவேணி சிரிக்கவில்லை. பதிவேட்டில் அந்தப் பதினேழாம் எண்ணை அவள் வரைந்ததுபோல் அந்தக் கல்லூரியில் யாரும் வரைந்ததில்லை, நிழல் தீட்டக் கூடாது, கூர் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும், நான்கு மாலைப்பொழுது புள்ளி வைத்தாள். மேடம் அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். முதுகலைக்கு ஒரு இடம் இருந்தது, சென்னையில், கடலோர ஆய்வு நிலையத்தில் ஆறு மாசம் தங்கிப் படிக்கிற மாதிரி, கல்லூரிக்கு ஒரே ஒரு இடம், மேடம் கை காட்டுகிறவளுக்குத்தான். வராந்தாவில் நிறுத்தி, "அம்சவேணி, மேலே படிக்கிறாயா?" என்றார். ஒரு தடவை. என்ன செய்தாள் இவள், நெஞ்சு எகிறி வாய்க்கு வந்துவிட்டது, அவ்வளவு ஆசையை ஒரே மூச்சில் வெளியே விட்டால் மேடம் என்ன நினைப்பார் என்று பயந்து, "இல்ல மேடம், வீட்ல எப்படியோ, எனக்கெதுக்கு" என்றாள். மேடம் தலையை ஆட்டினார். ஆய்வுக்கூடத்தில் ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்லாத மனுஷி, ஒரு தடவை கேட்டதைத் திரும்பக் கேட்பாரா? போய்விட்டார். இவள் வராந்தாவில் நின்றாள், நாளைக்குக் கூப்பிடுவார், நாளன்றைக்குக் கூப்பிடுவார் என்று. அந்த வாரக் கடைசியில் அந்த இடம் ஃபிலோமினாவுக்குப் போயிற்று. ஃபிலோ முதுகலை முடித்து, தூத்துக்குடியில் பேராசிரியை ஆகி, பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றினாள். அம்சவேணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம், யாரோ யாரோடோ பேசுவதற்கு ஒயரை எடுத்துச் செருகிக் கொடுத்தாள். நல்ல வேலைதான். பேசுங்கள் என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்கிற வேலை.

"அம்மா, நீங்க வரலையா?" என்று யாரோ கேட்டார்கள். அம்சவேணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள், கைக்குட்டை மடியிலிருந்து நழுவியது, பிடித்துக்கொண்டாள். செல்வராணி. நாற்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்து கறுத்த உறுதியான தோள்கள், அவளுடைய அப்பா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களாம், படகில் வரும்போது சொன்னாள். வளையத்தைக் கூட வேலை பார்க்கிற ஆளிடம் கொடுத்துவிட்டு, வேறு நீச்சல் கண்ணாடி எடுக்கக் கரைக்கு வந்திருக்கிறாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. "வளையத்துல இன்னொரு ஆளு பிடிக்கலாம்மா. இடமிருக்கு. வாரீங்களா?" வந்துவிட்டது, கடவுளே, இரண்டாவது தடவை, எவளோ முன்பின் தெரியாத ஒருத்தி வழியாக வந்துவிட்டது. அம்சவேணியின் உடம்பு முழுக்க எழுந்தது. எழுந்த உடம்புக்கு முன்னால் வாய் போய் நின்றுகொண்டு, "இல்லம்மா, வேண்டாம், பை இருக்குல்லா" என்றது. அவள் சொல்லவில்லை. வாய்தான் சொன்னது. அவள் அதைப் பக்கத்திலிருந்து கேட்டாள். செல்வராணி, "சரிம்மா. தண்ணி வத்துது, இன்னும் ஒரு நடைதான் போக முடியும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள், முழங்கால், இடுப்பு, தோள், பிறகு தலை மட்டும். பை இருக்குல்லா! பையைக் கோமதியின் பற்கள் காக்காதா? இந்தத் தீவில் யார் இருக்கிறார்கள் திருட, மூன்று பேர் இளநீர் வெட்டுகிறார்கள், ஒரு குடும்பம் பிள்ளைக்கு இட்லி ஊட்டுகிறது. அம்மா மேல், அப்பா மேல், படத்திலிருக்கிற மனிதர் மேல், அன்னம்மா மேடம் மேல், ஃபிலோ மேல், கோமதி மேல், ஒவ்வொருவராக வைத்து எரித்துக்கொண்டிருந்த நெருப்பு இப்போது எரிக்க ஆளில்லாமல் அவள் பக்கமே திரும்பியது. அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? ஒருத்தி வேண்டாம் என்று சொல்லும்போது அவள் முகம் என்ன சொல்கிறது என்று பார்க்கிற ஒருவர்கூட இந்த எழுபத்தொரு வருஷத்தில் பிறக்கவில்லையா? எக்ஸ்சேஞ்சில் முகமே தெரியாது, குரல் மட்டும்தான், ஆனாலும் ஒரு ஹலோவிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், இது சாவுச் செய்தி, இது கல்யாணம், இது சண்டை என்று. கேட்கத் தெரிந்தவளுக்குக் கேட்பார் இல்லை. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தே வற்றியது. சற்றுமுன் மூடியிருந்த ஒரு கறுத்த பாறை இப்போது முதுகைக் காட்டியது, ஈர மணலில் ஒரு கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு, கடல் ஒவ்வொரு கோடாகப் பின்வாங்கிப் போகிறது, அதுவும் ஒரு தடவைதான் கேட்டுவிட்டுப் போகிறது.

அவர்கள் வந்தார்கள். முகத்தில் கண்ணாடி அழுத்திய வட்டத்தோடு, சட்டை தொளதொளவென்று நனைந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, மணலில் காலை இழுத்துக்கொண்டு. கோமதி முதலில் கையை நீட்டிப் பல்லை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஃபிலோ தொப்பென்று மரத்தடியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லவேளை நீ வரலட்டி" என்றாள். "ஒண்ணுமே இல்ல. நான் பாத்த காலத்துல எப்படி இருக்கும், இப்பம் பூராவும் செத்து வெளுத்துக் கெடக்கு. கடல் சூடேறிப் போச்சுல்லா. நம்ம லேப்ல அலமாரில இருந்துச்சே, அப்படியே அதுதான். பாத்திருந்தா உனக்கு மனசு கஷ்டமாயிருக்கும்."

"யாருக்கு நல்லவேளை?" என்றாள் அம்சவேணி.

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கோமதி நிமிர்ந்தாள்.

"செத்திருந்தா செத்துப் போச்சுன்னு நான் பாத்துச் சொல்லணும். நீ பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுவியோ? ஏன் என்னை ரெண்டாவது தடவை கேக்கல?"

"எதை?"

"வாரியான்னு."

"கேட்டேனே. நீ வரலன்ன."

"நான் வரலன்னா வரலையா? அம்பத்து நாலு வருசமா தெரியும் உனக்கு என்னை."

"இது என்னட்டி கூத்தா இருக்கு" என்றாள் ஃபிலோ. "நேத்து சாயந்திரம் படகை விட்டு இறங்கும்போது நீ என்ன சொன்ன? எல்லாத்துக்கும் என்னைப் புடிச்சு இழுக்காதீங்க, நான் என்ன சாக்கு மூட்டையா, எனக்கும் வாய் இருக்குன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னா," என்றாள் கோமதி, "நான் சாட்சி. நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம் அம்சா, இனிமே உன்னை இழுக்கதில்ல, நீ சொன்னா சொன்னதுதான்னு. காலைல நீ வரலன்னதும் எனக்குக் கையெல்லாம் பரபரன்னு வந்துச்சு. ஃபிலோதான் கண்ணைக் காட்டினா."

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுட்டி. சந்தோசத்துல சொன்னது."

"நல்லாருக்கு. எது பேச்சுக்கு, எது நெசத்துக்குன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வா" என்று ஃபிலோ சிரித்தாள். அந்தச் சிரிப்புதான். பேராசிரியைச் சிரிப்பு, தப்பான விடை எழுதியவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"எம்.எஸ்ஸி. சீட்டுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றாள் அம்சவேணி. சொல்லவேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. ஐம்பது வருஷமாக உள்ளே கிடந்தது, இவ்வளவு சின்ன வாக்கியமாக வெளியே வந்து விழுந்தது. "மேடம் எங்கிட்டதான் முதல்ல கேட்டாங்க. தெரியுமா உனக்கு?"

ஃபிலோவின் சிரிப்பு நின்றது. நரைத்த கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டு, இரண்டு கையாலும் முறுக்கினாள். தண்ணீர் மணலில் சொட்டியது. கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்தாள்.

"தெரியும்" என்றாள்.

கோமதி, "இப்பம் எதுக்குட்டி அதெல்லாம்" என்றாள்.

"மேடம் சொன்னாங்க. அம்சவேணி வேண்டாம்னுட்டா, நீ போறியான்னு. நான் யோசிச்சுச் சொல்லுதேன்னேன். உன்னைக் கேக்கணும்னு மூணு நாள் உன் கட்டில்ல வந்து உக்காந்தேன். உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிருவேன்."

"ஏன் கேக்கல?"

ஃபிலோ கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "திரும்பக் கேட்டா, நீயே போறேன்னு சொல்லிருவன்னு தெரியும்."

 மூணு நாள். அம்சவேணிக்கு அந்தக் கட்டில் நினைவுக்கு வந்தது, இரும்புக் கட்டில், நீலக் கோடு போட்ட ஜமுக்காளம், அதன் கால்மாட்டில் ஃபிலோ உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்ததும், என்னட்டி என்று இவள் கேட்டதும், ஒண்ணுமில்ல என்று அவள் எழுந்து போனதும். அப்படியானால் ஒருத்தி இருந்திருக்கிறாள். வேண்டாம் என்றதற்குள் என்ன இருந்தது என்று முகத்தைப் பார்க்காமலே படிக்கத் தெரிந்த ஒருத்தி, அடுத்த கட்டிலிலேயே, துல்லியமாகப் படித்து, அதனாலேயே வாயை மூடிக்கொண்டு. இவ்வளவு நாள் யாருக்கும் புரியவில்லை என்று கோபப்பட்டது வீண். புரிந்திருக்கிறது. புரிந்தவர்கள்தான் கேட்காமல் போனார்கள், புரியாதவர்கள் ஒரு தடவையாவது கேட்டார்கள். இதற்கு எங்கே போய்க் கோபப்படுவது, இந்தக் கோபத்துக்கு எந்த ஊரில் இடமிருக்கிறது, ஃபிலோவின் கன்னத்தில் அறையலாம், எழுபத்தொரு வயதுக் கன்னம், கண்ணாடி அழுத்திய சிவப்பு வட்டத்தோடு நனைந்து தொங்குகிற கன்னம். "நான் தப்புதான் அம்சா" என்று அது சொல்கிறது, சொல்லட்டும், அதை இப்போது வாங்கிக்கொள்ளக் கை இல்லை, கை முழுக்கப் பை. அம்சவேணி எழுந்தாள். ஒரு பையை ஃபிலோவின் மடியில் வைத்தாள். இரண்டாவதை வைத்தாள். தன்னுடையதையும் அதன் மேல் வைத்தாள். "இதைப் பிடி" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, ஏனென்றால் மன்னிக்கவில்லை.

செல்வராணி வளையத்தைப் படகோரம் கட்டிக்கொண்டிருந்தாள். "நான் வாரேன்" என்றாள் அம்சவேணி. செல்வராணி திரும்பிப் பார்த்து, "நீங்க வேண்டாம்னீங்களேம்மா, இப்ப தண்ணி இறங்கிருச்சே" என்றாள். சரி என்று திரும்பி நடப்பதற்குக் கால் தானாகத் தயாரானது, அந்தக் காலை மணலில் ஊன்றிக்கொண்டு, "வேண்டாம்னு சொன்னது பொய்" என்றாள், "எனக்கு வேணும்." இவ்வளவு பச்சையாக இருந்தது அந்தச் சொல், தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல். பறக்காவெட்டி. ஆமாம். பறக்காவெட்டிதான். செல்வராணி அவளை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு கடலைப் பார்த்தாள். "இங்க கிட்டத்துல இருக்கதெல்லாம் வெளுத்துப் போச்சும்மா. ஆழம் இறங்குற விளிம்புல, அந்தா, பச்சை போய் நீலமாகுது பாருங்க, அங்கதான் கொஞ்சம் உசுரோட இருக்கு. உங்க கூட வந்தவங்க அங்க வேண்டாம்னுட்டாங்க, பயந்துட்டாங்க. நீங்க நீந்துவீங்களா?" "மாட்டேன்." "விடாமப் பிடிச்சுக்குவீங்களா?" "பிடிச்சுக்குவேன்." மூன்று தடவையும் நேர்ப் பதில் சொன்ன களைப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக் கச்சையை இழுத்தார்கள், முகத்தில் கண்ணாடி, வாயில் ரப்பர் குழாய், அதன் உப்பு, அதற்கடியில் யாரோ ஒருவருடைய பழைய பயத்தின் ருசி. தண்ணீர் கணுக்காலில் வெதுவெதுப்பாக, தொடையில் குளிராக, வயிற்றுக்கு வந்ததும் அம்மா என்று குழாய்க்குள் கத்தினாள். பிறகு கீழே ஒன்றுமில்லை. காலுக்குக் கீழே தரை என்ற ஒன்று எழுபத்தொரு வருஷம் இருந்தது, இப்போது இல்லை. வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், தலையைக் குனிந்தாள்.

முதலில் மூச்சு மட்டும். ராட்சசன் தூங்குவதுபோல் அவளுடைய சொந்த மூச்சு. பிறகு வெள்ளை. ஃபிலோ சொன்னது உண்மை, கிளை கிளையாக, மேடு மேடாக, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, முழுக் கடற்கரைக்கும் ஒரே அலமாரி, மேலே பாசி படிந்து, சில கிளைகள் ஒடிந்து குவிந்து, இவ்வளவு சாவைப் புள்ளி வைத்து வரைய எத்தனை மாலைப்பொழுது வேண்டும், யார் செய்தது இதை, யாரைக் கேட்டுச் செய்தார்கள், கண்ணாடிக்குள் கண் எரிந்தது, அழக்கூடாது, அழுதால் மங்கும், இருக்கிறது ஒன்றரைக் கண். கயிறு இழுத்தது. வெள்ளை நகர்ந்துகொண்டே இருந்தது, பின்னாலே பின்னாலே போயிற்று, தண்ணீர் குளிர்ந்தது, கீழே திடீரென்று ஒரு நீலப் பள்ளம், அடியில்லாத நீலம், கை வளையத்தில் தானாக இறுகியது. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு புதர். சிவப்பில்லை, பவளம் என்றால் சிவப்பு என்று யார் சொன்னது, தவிட்டு நிறம், ஈரத் தவிட்டு நிறம், நுனியில் மட்டும் லேசான ஊதா. புகை விழுந்த கண்ணை மூடிக்கொண்டு நல்ல கண்ணால் பார்த்தாள். அதன் மேல் ஒரு மங்கலான ரோமம். ரோமம் இல்லை. அசைந்தது. அலை வலப்பக்கம் போனால் அது இடப்பக்கம் சாய்ந்தது, அலைக்கு எதிராக, தன்னிஷ்டத்துக்கு, ஆயிரம் சின்னக் கைகள், எதையோ பிடிக்க விரித்து, கூச்சமே இல்லாமல், வருவதையெல்லாம் கொடு கொடு என்று.

தோளில் செல்வராணியின் கை தட்டியது. அம்சவேணி தலையைத் தூக்கினாள், குழாயைப் பிடுங்கினாள், உப்புத் தண்ணீர் வாய்க்குள் போயிற்று, இருமினாள். கரை எங்கோ இருந்தது, ஒரு மரமும் இரண்டு புள்ளிகளும். "நடுங்குதீங்களேம்மா. பயமா இருக்கா?"

"இருக்கு."

"பாத்தாச்சுல்ல? போதுமா, திரும்பலாமா?"

"போதாது" என்று சொல்லிவிட்டு, குழாயை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.